நீர் பிரியாத நாட்கள்

என் மாமனார் என்னிடம் நேராகப் பேசிய முதல் பெரிய விஷயம், தனக்கு ஒண்ணுக்குப் போகவில்லை என்பது.

அதுவரை எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. சண்டையும் இல்லை. அவர் தென்காசிப் பக்கம் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதிலிருந்தே, நான் கூடத்துக்குள் நுழைந்தால் அவர் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார். மருமகளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. போனில் பேசினாலும், "நல்லா இருக்கியாம்மா? இந்தா, அத்தைட்ட குடுக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். அத்தை போன பிறகு போனை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல், "சரிம்மா, வச்சிரட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அத்தை இறந்த சில மாதங்களில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று என் கணவர் அவரைப் புனேவுக்கு அழைத்து வந்தார். நிக்டியில் எட்டாவது மாடியில் எங்கள் வீடு. அவர் வந்து பெட்டியைக் காலி செய்வதற்குள், கணவரை ஜெர்மனிக்கு ப்ராஜெக்ட் வேலையாக அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்குத்தான் வர முடியும். "ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

துணை என்றால் இப்படித்தான். காலையில் டீ போட்டு மேஜையில் வைத்துவிட்டு நான் உள் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறப்பேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு அவர் வந்து டீயை எடுப்பார். ஹிஞ்சேவாடியில் இருக்கிற எங்கள் கம்பெனி பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டிருந்தது. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. காலையில் கீழே குடியிருப்புத் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற பெரியவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேலே வந்துவிடுவார். சில வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து பாதியில் எழுந்துவிடுவார். என் சாம்பார் பிடிக்கவில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார் என்றே நினைத்தேன். தேங்காய் அரைத்துவிட்டுக்கூடச் செய்து பார்த்தேன்.

ஒரு காலை, நான் மீட்டிங்கில் இருந்தபோது அறைக் கதவு தட்டப்பட்டது. அவர் ஒருநாளும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. திறந்தால், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பனியன் நனைந்திருந்தது.

"என்ன மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்லம்மா." தரையைப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போகலை. நேத்து சாயங்காலத்துலேருந்து. முக்கி முக்கிப் பாக்கேன், ஒரு சொட்டு இறங்க மாட்டேங்கு. வயிறு வெடிச்சிரும் போல இருக்கு."

ஒரு ராத்திரி முழுக்க, பக்கத்து அறையில், சத்தமில்லாமல் அவர் அதைப் பொறுத்திருக்கிறார். வேட்டிக்கு மேலே அடிவயிறு ஊதிய பந்து மாதிரி தெரிந்தது.

ஆட்டோவில் சிஞ்ச்வட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி எங்கும் மழையில் தோண்டிவிட்ட மாதிரி பள்ளம். சிக்னலில் லாரிகளுக்கு நடுவே வண்டி நகரவே இல்லை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவர் துண்டை வாயில் வைத்துக் கடித்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஜோபா, ஆலஞ்ச், ஆலஞ்ச்" என்றார். தாத்தா, இதோ வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அதை மாமாவுக்குச் சொல்லவில்லை. வரவில்லை என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. மெட்ரோ தூண் ஒன்றின் கீழே, பின்னால் ஹார்ன், முன்னால் ஹார்ன், அவருடைய முனகல். இறங்கி நடக்கலாம் என்றால் அவரால் கால் நீட்டவே முடியவில்லை.

எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "பேஷாப் கப்ஸே பந்த் ஹை? பூந்த் பூந்த் ஆத்தா தா?" எப்போதிலிருந்து சிறுநீர் நின்றது, முன்பு சொட்டுச் சொட்டாக வந்ததா. இந்தியில் அந்தச் சொல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஏதோ மருந்தின் பெயர் மாதிரி. அதையே திரும்பித் தமிழில் மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை.

"மாமா, முன்னாடியே... போறது கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா."

"சொட்டுச் சொட்டா..."

"ஆமாம்மா. ஊர்லயே அப்படித்தான்."

"ஏன் சொல்லலை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரையை இழுத்தார்கள். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "முருகா..." என்று ஒரு குரல். வலி இல்லை அது. அவ்வளவு நிம்மதியான குரலை நான் அதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு விம்மல். திரை விலகியபோது அவர் முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை நிறைந்து, அடுத்த பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பெரிய டாக்டர் வந்தார். ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். பிராஸ்டேட் சுரப்பி வீங்கி, நடுவே போகிற நீர்க்குழாயை நெரித்திருக்கிறது. சிறுநீர்ப்பை காலியாகாமல் ரொம்ப நாளாக நிரம்பியே இருந்ததால், நீர் மேல்நோக்கி முட்டி இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கின்றன. ரத்தத்திலிருந்து பிரிந்து வெளியே போக வேண்டிய கழிவு ரத்தத்திலேயே நின்றுவிட்டது. "அதனால்தான் பசி இருக்காது, வாய் கசக்கும், உடம்பு அரிக்கும்" என்றார். என் சாம்பாருக்கு ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. அந்த நேரத்தில்கூட அது ஒரு ஆறுதலாக இருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் உடனே முடியாது. ஸ்டென்டுக்காக அவர் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை இப்போது நிறுத்தக் கூடாது என்று இருதய டாக்டர் சொல்லிவிட்டார். கிட்னியும் தேற வேண்டும். அதுவரை குழாயும் பையும்தான். சில வாரம் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம்.

நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. முக்கால் பை நிறைந்ததும் கீழே இருக்கிற திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர் மொழி மாமாவுக்குப் புரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பது புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், நகைக்கடையில் கொடுத்த மஞ்சள் துணிப்பை ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குள் அந்தப் பையை ஒளித்ததுதான். மஞ்சப்பையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் நடப்பார். பார்த்தால் காய் வாங்கக் கிளம்புகிறவர் மாதிரி இருக்கும். தோட்டத்துக்குப் போவது நின்றது. கூடத்துக்கு வருவதும் நின்றது.

தானே வடித்துக்கொள்கிறேன் என்றார். மூட்டுவலியில் அவரால் குனிய முடியாது. ஒருநாள் பாத்ரூமிலிருந்து ஏதோ சத்தம். போனால், தரையெல்லாம் சிறுநீர். அவர் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், தரையில் உட்கார்ந்து.

"விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"நீ போ. நீ போம்மா."

நான் மாப்பை எடுத்தேன். அவர் அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் விடவில்லை. அறையில் என் ஹெட்போனிலிருந்து யாரோ என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. கடைசியில் அவர்தான் கையை விட்டார். அன்றைக்குப் பிறகு, பேசிக்கொள்ளாமலே ஒரு ஏற்பாடு வந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி பையை ஒரு வாளிக்குள் திறந்துவிடுவார். மூடி போட்டுவிட்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார். பிறகு நான் போய் வாளியை எடுப்பேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார். நானும் பார்க்காத மாதிரி போய் வருவேன்.

ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று கணவர் வீடியோவில் சொன்னார். ஒருவரை வைத்தும் பார்த்தோம். பாவம், நல்ல மனிதர். அவர் சொல்வது மாமாவுக்குப் புரியாது, மாமா சொல்வது அவருக்குப் புரியாது. சாயங்காலத்துக்குள் மாமா அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வீடியோவில் மகனுக்கு நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றார்.

இடையில் மாத்திரை கொடுத்து, குழாயை எடுத்துப் பார்த்தார்கள். அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தும் நீர் பிரியவில்லை. மறுபடியும் குழாய். 

ஆடி மாத மழை விடாமல் பெய்தது. பால்கனியில் துணி காயவில்லை. வீடு முழுக்க பினாயில் வாசனை, அதற்கு அடியில் அந்த இன்னொரு வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அது என் கையிலேயே இருப்பதாகத் தோன்றும். காய், பால் எல்லாம் ஆப்பில் வரவழைத்தேன். செருப்புப் போட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால் நினைவில்லை. வாரம் இரண்டு நாளாவது ஆபீசுக்கு வர வேண்டும் என்று மேனேஜர் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு மீட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே வாளியை எடுப்பதா, நான் பாத்ரூம் போவதா என்று பார்த்தால் வாளிதான் முதலில் வரும். காலைப் பின்னிக்கொண்டு அடக்கி உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயிறு இளகி ஒழுங்காகப் போயே வாரமாகியிருந்தது. தினமும் வெந்நீரில் இசப்கோல் கலக்கிக் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது மாடியில் இரண்டு பேர், இரண்டு அறையில், இரண்டு பேர் உடம்பும் எதையும் வெளியே விட மறுத்தது. சொல்லிச் சிரிக்கக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஒருநாள் வாளியில் இருந்தது கடும் டீ நிறத்தில் இருந்தது. அவர் அறையில் ஜாடியைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நான் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"மாமா, தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சேம்மா."

"ஜாடி நிறைஞ்சிருக்கே."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "குடிச்சா வருது. வந்தா நீ தூக்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம் என்று தோன்றவில்லை. "நீங்க குடிக்காட்டி எனக்கு வேலை குறையாது மாமா. கூடும்" என்று டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு வந்தேன். கதவை நான் வேகமாகச் சாத்தியது அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகிற நாள் வந்தது. வேட்டி வேண்டாம், பை தெரியும் என்று அவர் வேலை நாளில் போட்ட பழைய பேன்ட் ஒன்றைப் போட்டிருந்தார். காலில் கட்டுகிற சின்னப் பையைத் தானே மாட்டிக்கொண்டு, மேலே பெல்ட்டை இறுக்கியிருந்தார். கேப் வருவதற்குத் தாமதமானது. சோபாவில் உட்கார்ந்திருந்தவர் நெளிய ஆரம்பித்தார். "வலிக்கு" என்றார். பிறகு, "அன்னைக்கு மாதிரியே இருக்கும்மா" என்றார். பையில் நீர் இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லையாம், காலையிலிருந்து. குழாய் அடைத்துவிட்டது, எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரைக் கைத்தாங்கலாக லிஃப்டுக்குள் கூட்டிப்போனேன்.

சில மாடி இறங்கியதும் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு போனது. ஃபேன் நின்றது. ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

மணியை அழுத்தினேன். கதவைத் தட்டினேன். எங்கேயோ மேலிருந்து வாட்ச்மேன் குரல்: "காப்ரூ நகா! மெகானிக் ஏத்தோய்!" பயப்படாதீர்கள், மெக்கானிக் வருகிறார். மாமா சுவரில் சாய்ந்து சறுக்கி, அப்படியே தரையில் உட்கார்ந்தார். மூச்சு சீறிக்கொண்டு வந்தது.

"முடியலைம்மா... முடியலை..."

போன் டார்ச்சை எரியவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் கால் நீட்ட இடமில்லை. காற்று கனத்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அப்போதுதான் அந்த பெல்ட் கண்ணில் பட்டது.

"மாமா, குழாய் எந்தப் பக்கமா வருது?"

"வேண்டாம்மா."

"பேன்ட்டுக்குள்ள மடங்கியிருக்கும் மாமா. பெல்ட்டைக் கழட்டுங்க."

"வேண்டாம். மெக்கானிக் வரட்டும்."

"மெக்கானிக் லிஃப்டைத்தான் பாப்பார்!" கத்திவிட்டேன். பிறகு குரலைத் தணித்து, "நீங்க கண்ணை மூடிக்கோங்க மாமா" என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் அவர் உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஊசி போடும்போது குழந்தைகள் மூடுகிற மாதிரி. நான் போனை வாயில் கவ்விக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினேன். பித்தானைத் திறந்தேன். பேன்ட்டைத் தொடைவரை இறக்கினேன். குழாய் இடுப்புப் பட்டைக்குக் கீழே இரண்டாக மடிந்து, தொடையில் பதிந்து, தோலில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. மடிப்பை நிமிர்த்தினேன். உள்ளே வெள்ளையாக ஏதோ திரிந்து நின்றது. நர்ஸ் காட்டிய மாதிரி விரல்களுக்கு நடுவே பிடித்துக் கீழ்நோக்கி நீவினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி நீவினேன்.

குழாய் என் விரலுக்கடியில் சட்டென்று சூடானது. அந்தச் சூட்டை இப்போதும் விரலில் உணர முடிகிறது. மஞ்சளாக ஓடிப் பைக்குள் இறங்கியது. பை கனத்தது. அவர் தலை பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. கண்ணைத் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

"வருதாம்மா?"

"வருது மாமா. நல்லா வருது."

சின்னப் பை நிறைந்துகொண்டே போனது. என் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, அதில் திருகைத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனி அதுல தண்ணி குடிக்க முடியாதேம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். வயிறு குலுங்கினால் குழாய் இழுக்கும், வலிக்கும். "சிரிக்க வைக்காதம்மா, வலிக்கு" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். மெக்கானிக் கதவை நெம்பித் திறந்தபோது பேன்ட் மேலே வந்திருந்தது, பித்தான் மட்டும் போடவில்லை.

அன்றிலிருந்து மஞ்சப்பை போனது. பை நிறைந்தால், "ஏம்மா, ஆச்சு" என்று கூப்பிடுவார். நான் வடிக்கும்போது பேசிக்கொண்டிருப்பார். மழையில் கம்பத்தில் ஏறியது, ஃபியூஸ் போட்டது. ஒருநாள் அத்தையைப் பற்றிச் சொன்னார். "ஆம்பளைங்க நாங்கல்லாம் எங்கனயும் ஒதுங்கிருவோம். உங்க அத்தை சென்னை பஸ்ஸுல போனா முந்தின நாளே தண்ணிய நிறுத்திருவா. வண்டி நின்னாலும் இறங்க மாட்டா. வலிக்குதான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."  

வாளி இருந்தது, மழை இருந்தது, மேனேஜர் இருந்தார். வீட்டை விட்டு என்னால் இன்னமும் வெளியே போக முடியவில்லை. ஆனால் உள்ளே இரண்டு பேராக இருந்தோம்.

நவராத்திரிக்கு முன்னால் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். கணவர் டிக்கெட் போடுகிறேன் என்றார். "அவன் வேலையைப் பாக்கட்டும். நீ இருக்கியே" என்றார் மாமா. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குழாயை எடுக்கிற நாள்தான் சோதனை. காலையில் எடுத்துவிட்டு, அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கையில் கொடுத்தார்கள். தானாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் மறுபடியும் குழாய்.

வார்டில் அவரைப் போலவே இன்னும் சிலர் ஜாடியோடு இருந்தார்கள். எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள், வராந்தாவில் நடந்தார்கள். யார் பாத்ரூமிலிருந்து வந்தாலும் மற்றவர்கள், "ஜாலா கா?" என்று கேட்டார்கள். ஆச்சா? மாமா தெரிந்துகொண்ட முதல் மராத்தி அதுதான். மதியத்துக்குள் ஒவ்வொருவராக ஆயிற்று. அவருக்கு ஆகவில்லை. மூன்றாவது தடவை போய்விட்டு வெறும் ஜாடியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"வராதும்மா. திரும்பக் குழாய்தான்."

"இருங்க மாமா. அவசரம் ஒண்ணும் இல்ல."

எனக்கும் அடிவயிறு கனத்திருந்தது. அவரை விட்டுப் போகப் பயந்து காலையிலிருந்து போகவே இல்லை. அதைச் சொன்னேன். அவர் என்னை அதட்டினார், முதல் தடவையாக. "என்ன பிள்ள நீ! போ, முதல்ல போயிட்டு வா!" போனேன். திரும்பி வந்தபோது கட்டிலில் ஆள் இல்லை. பாத்ரூம் வாசலில் நின்றார். கையில் ஜாடி, அடியில் கொஞ்சம், லேசான ரோஜா நிறத்தில். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். நர்ஸ் வந்து அளவைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். மாமா ஜாடியைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

கிட்னி முழுக்கத் தேறவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மற்றபடி சாதாரணமாக இருக்கிறார். தீபாவளிக்கு வந்த மகன், நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்து, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இப்போது வாரத்தில் சில நாள் ஹிஞ்சேவாடிக்குப் போகிறேன். கேப் டிராஃபிக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும்போது வயிறு கனத்தால், கூச்சப்படாமல் டிரைவரிடம் சொல்லி எங்காவது ஓட்டல் பக்கம் நிறுத்தச் சொல்கிறேன். சில நாள் நிறுத்த இடமே இருப்பதில்லை.

போன வாரம் லீவு நாளில் கீழே தோட்டத்திலிருந்து மாமா போன் செய்தார். "ஏம்மா, கொஞ்சம் இறங்கி வா." போனேன். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் எங்கள் பி விங் கட்டடத்திலேயே இருக்கிற மராத்திப் பெரியவர் ஒருவர். பட்டாளத்தில் இருந்தவர், நிமிர்ந்துதான் உட்காருவார். லிஃப்டில் பார்த்தால் எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

"இவரு நடந்துட்டே இருக்காரு, பாதில ஓடிப் போயிட்டு வாராரு. போய் ரொம்ப நேரம் நிக்காரு. கேளும்மா."

"என்னன்னு கேக்க, மாமா?"

"என்ட்ட டாக்டரு கேட்டதெல்லாம் கேளு. நான் கையைக் காட்டிச் சொல்லிப் பாத்தேன், அவருக்குப் புரியலை."

அவருக்குப் புரிந்திருக்கும் என்றே எனக்குப் பட்டது. அவர் தன் கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, எதிரில் நின்று, இந்தியில் மெதுவாக ஆரம்பித்தேன்.  அவர் என்னைப் பார்க்காமல், வீட்டில் மகன் மருமகள் யாருக்கும் தெரியாது என்றார். மாமா நகர்ந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்.